பாடாத பெட்டி

தவில் செய்கிறவர் பலாக்கட்டையைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். தட்டினால் மரம் கணீரென்று பதில் சொல்ல வேண்டும். வீணைக்குக் குடம் குடைகிறவர் தேடுவதும் அந்தப் பதிலைத்தான். ஒலிபெருக்கிப் பெட்டி செய்கிறவரும் பலகையை முட்டியால் தட்டுகிறார், ஆனால் அவருக்கு வேண்டியது நேர்மாறான பதில். ‘டொக்’ என்று ஒரே ஓசையோடு பேச்சு முடிந்துவிட வேண்டும். பலகை இழுத்துப் பேசினால் அந்தப் பெட்டியில் எந்தப் பாட்டும் ஒழுங்காகக் கேட்காது.

கோலா சாவாவில் வளர்ந்த எனக்கு இது எளிதில் விளங்கவில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மரம் என்றாலே ஓசைதான். திருவிழாவில் தவிலும் உறுமியும் முழங்கும். வீட்டில் ரேடியோ ஆறு பாடும். இன்று மின்னல் எஃப்.எம். என்ற பெயரில் ஒலிப்பது அதே தமிழ் வானொலிதான். தகரக் கூரைக்குக் கீழே அந்த ரேடியோவின் சின்ன மரப்பெட்டி கரகரவென்று அதிர்ந்ததைத்தான் ‘நல்ல பாஸ்’ என்று நம்பிக்கொண்டிருந்தோம். நல்ல மரத்தில் பெட்டி செய்தால் நல்ல சத்தம் வரும் என்பது எல்லோருக்கும் இருந்த எண்ணம். முதல் ஜோடிப் பெட்டிகளை நானே அறுத்து ஒட்டிய பிறகுதான் அந்த எண்ணம் தவறு என்று தெரிந்தது.

வாத்தியம் ஒலியைப் பிறப்பிக்கிறது. ஒலிபெருக்கியோ ஏற்கெனவே பிறந்த ஒலியைத் திருப்பிச் சொல்கிறது. வீணையின் பலாமரக் குரல் ஒலிப்பதிவுக்குள்ளேயே இருக்கிறது. நம் பெட்டியும் தன் குரலைச் சேர்த்தால் ஒரு வீணைக்கு இரண்டு குடம் ஆகிவிடும். ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரு மரப்பெட்டியை வாய் திறக்காமல் வைத்திருப்பது பற்றித்தான். கடைசியில் அதற்கு அழகான மரத்தோல் போர்த்துவதும் உண்டு. அது கண்ணுக்கான வேலை.

முதலில், பெட்டி எதற்கு? கடையில் ஆறரை அங்குல வூஃபர் (கீழ்ஒலி எழுப்பும் கூம்பு) ஒன்றை வாங்கி, பெட்டியில் பொருத்தாமல் கையில் பிடித்தபடியே பாட்டுப் போட்டுப் பாருங்கள். பாடகரின் குரல் கேட்கும், மத்தளம் காணாமல் போயிருக்கும். இப்போது ஒரு பெரிய அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, அதில் வூஃபரைப் பொருத்துங்கள். மத்தளம் திரும்பி வரும். கூம்பு முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. தடுப்பு இல்லாவிட்டால் அழுந்திய காற்று ஓரத்தைச் சுற்றி ஓடிப் பின்பக்கக் குறையை நிரப்பிவிடும், இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். தாழ்ந்த ஒலிகளில்தான் இந்த அழிவு அதிகம், ஏனென்றால் அவற்றின் அலை நீளமானது. நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 8.7 மீட்டர் நீளம், அதாவது ஒரு தாமான் வீட்டின் கூடத்தை விட நீளம். அவ்வளவு பெரிய அலைக்குச் சின்னக் கூம்பின் விளிம்பைச் சுற்றுவது ஒரு வேலையே இல்லை.

கம்பிச்சுருளும் காந்தமும் காகிதக் கூம்பும் சேர்ந்த இன்றைய ஒலிபெருக்கிக்கு வழிவகுத்த ஆய்வுக் கட்டுரையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்டார்கள். கூம்புக்கு ஒரு தடுப்பு வேண்டும் என்பதும் அவர்கள் வேலையிலேயே இருந்தது. அதே 1925இல்தான் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் ஒன்றில் பிறந்த கூம்பும் மற்றொன்று வளர்த்த மரமும் இன்று என் கூடத்தில் ஒரே பெட்டியில் இருக்கின்றன.

மரத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் முதலில் இலங்கைக்குப் போயின, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அந்த வழியில் வந்த மரங்களுக்கு அடியில்தான் நம் தாத்தா பாட்டிமார் விடியலுக்கு முன் விளக்கோடு நின்றார்கள். கித்தா (ரப்பர்) மரம் 25, 30 ஆண்டுகள் பால் தந்த பிறகு வெட்டப்படும். வெட்டிய மரத்துக்கு நெடுங்காலம் மதிப்பே கிடையாது. ரப்பர் தாளைப் புகைபோடவும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போனது. பிறையில் இருந்த மலாயாவாத்தா எஃகு ஆலையில் இரும்பு உருக்க இதன் கரி எரிந்தது. எங்கள் தோட்டத்தில் ஆசாரி வேலை பார்த்த பெரியவரிடம் ‘இதில் ஒரு முக்காலி செய்து தாங்க’ என்று கேட்டால், ‘கித்தா அடுப்புக்குத்தான் ஆகும் தம்பி, ஆறு மாசத்துல மாவாக் கொட்டும்’ என்பார்.

அவர் சொன்னது சரிதான். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிப் போட்ட சில நாட்களில் பூஞ்சை பிடித்துப் பலகை நீலம் பாரிக்கும், பிறகு துளைக்கும் வண்டுகள் வரும். வெட்டிய உடனே அறுத்து, அழுத்தத்தில் போரான் உப்புக் கரைசலை மரத்துக்குள் செலுத்தி, சூளையில் உலர்த்தினால் இரண்டும் அணுகாது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் உட்பட்ட நிறுவனங்கள் இந்த வழிகளைச் சீராக்கிய பிறகு, விறகாகப் போன மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறியது. ‘மலேசிய ஓக்’ என்றுகூட அதற்குப் பெயர் வைத்து விற்றார்கள். மேசைக்கு ஆகாத கிளையும் சிம்பும் பலகை ஆலைகளுக்குப் போயின. நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே கெமாஸில் உள்ள ஹெவியாபோர்ட் நிறுவனம் ரப்பர் மரத் துகள்களை அழுத்திப் பலகை செய்கிறது. மரத்தை நாராகப் பிரித்து, பிசின் சேர்த்துச் சூட்டில் அழுத்துவது எம்.டி.எஃப். பலகை. மலேசிய எம்.டி.எஃப். பெரும்பாலும் ரப்பர் மர நாரில் செய்ததே. நான் ஒலிபெருக்கிக்கு எடுப்பது இந்தப் பலகையைத்தான்.

ஏன் தேக்கோ செங்காலோ எடுக்கவில்லை என்று கேட்கலாம். முழு மரத்துக்கு ரேகை உண்டு. ரேகையின் நெடுக்கில் விறைப்பாகவும் குறுக்கில் நெகிழ்வாகவும் இருக்கும், அதோடு மூச்சும் விடும். காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும், அதுவும் பெரும்பாலும் குறுக்கில்தான். மரத்தின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அகலம் 0.2 விழுக்காட்டுக்கு நெருக்கமாகச் சுருங்கும் என்பது பல மரங்களுக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு. நம் ஊர்த் திறந்த காற்றில் கிடக்கும் மரத்தின் ஈரப்பதம் 15 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அதையே இரவு பகலாக ஏர்கோன் ஓடும் அறையில் வைத்தால் 10க்கு இறங்கலாம். 28 செ.மீ. அகலப் பலகை அப்போது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். மூட்டில் வெடிப்பு விழ அது தாராளம். வெடிப்பு வழியே காற்று சீறினால் கீழ்ஒலி கெடும். எம்.டி.எஃப்.க்கு ரேகை கிடையாது, நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே குணம். அடர்த்தி கனமீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். தட்டினால் ‘டொக்’. பாடத் தெரியாத பலகை, நமக்கு வேண்டியதும் அதுதான்.

தரையில் நிற்கும் உயரமான பெட்டிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சின்னப் பெட்டி வாங்கினாலும் அதைக் காதளவுக்கு உயர்த்த ஒரு தாங்கி வேண்டும், தாங்கி பிடிக்கும் இடமும் அதே ஒரு சாண் தரைதான். அந்த இடத்தையும் பெட்டியாக்கிவிட்டால் கொள்ளளவு மூன்று மடங்காகிறது. ஆன்டன் ஹாஃப்மன் என்ற பொறியாளர் இதை ஒரு விதியாகவே சொன்னார் (கே.எல்.எச். நிறுவனப் பெயரின் கடைசி எழுத்து அவர்தான்). சின்னப் பெட்டி, ஆழ்ந்த கீழ்ஒலி, குறைந்த மின்சக்தியில் உரத்த ஓசை, இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். உயரமான பெட்டிக்காரர் முதலாவதை விட்டுக்கொடுத்து மற்ற இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்.

என் பெட்டியின் வெளியளவு: உயரம் 100 செ.மீ., அகலம் 22, ஆழம் 28. பலகை 18 மி.மீ. உள்ளே கிடைப்பது 43 லிட்டர், சட்டமும் குழாயும் வூஃபரும் பிடிக்கும் இடம் போக ஏறத்தாழ 40. எட்டுக்கு நான்கடி பலகை ஒன்றில் ஒரு ஜோடிக்கு வேண்டிய எல்லாத் துண்டுகளும் அடங்கிவிடும். பலகையைத் தாளில் வரைந்து, அறுக்கும் வாளின் தடிப்பையும் கணக்கில் சேர்த்து, கடையிலேயே பெரிய வாளில் அறுத்து வாங்குவது நல்லது. கைவாளில் ஒரு மீட்டருக்கு நேராக அறுப்பது எனக்கு இன்றும் வசப்படவில்லை.

வூஃபரின் பின்பக்க ஒலியை வீணாக்காமல் ஒரு குழாய் வழியே வெளியே விடலாம். 1930களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் காப்புரிமை பெற்ற வழி இது. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் ‘ஊம்’ என்று ஒரு சுரம் வருகிறதே, அதே இயற்பியல்தான். புட்டிக்குள் அடைபட்ட காற்று வில்லாக வேலை செய்கிறது, கழுத்தில் நிற்கும் காற்று வில்லில் கட்டிய எடைக்கல். வயிறு பெரிதானால் வில் தளர்ந்து சுரம் இறங்கும். கழுத்து நீண்டால் எடை கூடி மேலும் இறங்கும். 40 லிட்டர் பெட்டியை 40 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, உள்விட்டம் 7.5 செ.மீ. உள்ள தண்ணீர்க் குழாய் 16 செ.மீ. நீளத்துக்கு வேண்டும். குழாயின் இரு முனையிலும் ஒட்டிக்கொண்டு ஆடும் காற்றையும் சேர்த்த கணக்கு இது. குளிர் நாட்டு நூல்களில் உள்ள நீளம் இதைவிட 7 மி.மீ. குறைவாக வரும், அங்கே ஒலி கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. அந்த வேறுபாட்டால் சுருதி ஒரு ஹெர்ட்ஸ்கூட நகராது என்பதால் கவலை வேண்டாம். எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர், எந்தச் சுருதி என்று முன்பெல்லாம் குத்துமதிப்பாகத்தான் வைத்தார்கள். 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் தொடர்ந்து செய்த வேலையும் அதைக் கணக்காக்கின. இன்று ஒவ்வொரு வூஃபரின் பெட்டிக்குள்ளும் வரும் தாளில் அச்சாகியிருக்கும் எண்கள் அவர்கள் பெயரால் வழங்குபவை.

இனி, பெட்டி பாடாமல் இருப்பது எப்படி? இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். உயரமான பெட்டிக்குள் அலமாரித் தட்டு போலக் குறுக்கே மூன்று சட்டங்களை அடிப்பார்கள். பார்க்க உறுதியாக இருக்கும். கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். பக்கப் பலகை உள்ளளவில் 96 செ.மீ. உயரமும் 24 செ.மீ. ஆழமும் உள்ளது. நீளமான பலகை எந்தச் சுரத்தில் அதிரும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் குறுகிய பக்கம்தான். கயிற்றுக் கட்டிலில் நெடுகக் கிடக்கும் கயிற்றை விடக் குறுக்கே கிடக்கும் கயிறு இறுக்கமாக இருப்பதைப்போல், பலகையின் விறைப்பு குறுகிய இடைவெளியிலிருந்தே வருகிறது. நடுவில் குறுக்கே ஒரு சட்டம் வைத்தால் அதிர்வெண் 18 விழுக்காடுதான் ஏறுகிறது. மூன்று வைத்தாலும் இரண்டு மடங்கை எட்டாது. அதே ஒரு சட்டத்தை மேலிருந்து கீழ்வரை நெடுக நிறுத்தி, இரு பக்கப் பலகைகளையும் அது இணைக்கும்படி செய்தால் அதிர்வெண் நான்கு மடங்கை நெருங்குகிறது. ஓரங்கள் வெறுமனே தாங்கப்பட்ட பலகைக்கான பாடநூல் கணக்கு இது. ஒட்டிய பெட்டியில் எண் சற்று மாறலாம், வரிசை மாறாது.

அதிர்வெண்ணை ஏன் ஏற்ற வேண்டும்? மேலே ஏற ஏற, பலகையைத் தள்ளும் சக்தி இசையில் குறைகிறது, பெட்டிக்குள் நிரப்பிய பஞ்சும் அந்த ஒலியை எளிதில் விழுங்கும். பிரிட்டனில் பி.பி.சி. பொறியாளர்கள் 1970களில் வேறு பாதையில் போனார்கள். மெல்லிய பிளைவுட்டில் பெட்டி செய்து, உள்ளே தார்த் தகடு ஒட்டி, அதிர்வை உயர்த்தாமல் அடக்கினார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் தார்த் தகடு நம் வெயிலில் இளகுவதைப் பார்த்தவன் என்ற முறையில், நான் நெடுஞ்சட்டத்தின் பக்கம் நிற்கிறேன். சட்டத்தில் பெரிய பெரிய சன்னல்களாக வெட்டி எடுத்துவிடுங்கள், காற்று தடையின்றிப் போய்வர வேண்டும்.

பலகை அடங்கினாலும் உள்ளே அடைபட்ட காற்று பாடும். 96 செ.மீ. உயரத் தூணுக்குள் ஒலி மேலும் கீழும் மோதி 181 ஹெர்ட்ஸில் நிலைகொள்ளும். ஆண்குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். வூஃபரைச் சரியாக நடு உயரத்தில் வைத்தால் இந்த அலை கிளம்பவே செய்யாது, ஆனால் காது இருக்கும் உயரத்தை ஒட்டி வைக்க வேண்டியிருப்பதால் அது முடிவதில்லை. பஞ்சுதான் வழி. பஞ்சு வேலை செய்வது காற்று நகரும் இடத்தில், நார்களுக்கிடையே உரசி வேகம் இழக்கும்போது. மேல் மூடியையும் தரையையும் ஒட்டிய காற்று நகர முடியாது, அங்கே பஞ்சைத் திணிப்பதால் இந்த அலைக்குப் பயனில்லை. நட்டநடு உயரத்தில்தான் காற்று அதிகம் ஓடுகிறது. பஞ்சை அங்கே தளர்வாக நிரப்புங்கள், குழாயின் வாயை மட்டும் மறைக்காமல். தலையணைப் பாலியஸ்டர் பஞ்சு போதும். இலவம்பஞ்சும் நன்றாக உழைக்கும், மலாய்க்காரர்கள் கெக்காபு என்பார்கள். அதைத் துணியில் கட்டிப் போடாவிட்டால் தூசு வூஃபருக்குள் போகும்.

ஒலியைப் பிரித்து வூஃபருக்கும் மேல்ஒலி எழுப்பும் ட்வீட்டருக்கும் அனுப்பும் கிராஸ்ஓவர் பற்றித் தனி அத்தியாயமே வருகிறது. பெட்டியின் அகலத்தோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று மேளம் கேட்டிருப்பீர்கள். தவிலின் தொப்பி ஓசை வந்து சேரும், நாகசுரத்தின் கூர்மை மழுங்கியிருக்கும். நீண்ட அலைகள் மதிலைச் சுற்றி வளைகின்றன, குட்டை அலைகளால் முடியவில்லை. 22 செ.மீ. அகலப் பெட்டிக்கும் அதே கதை. சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி நம்மை நோக்கியே வருகிறது, கீழே உள்ளது பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடுகிறது. ஆகவே மேல்ஒலி தூக்கலாகக் கேட்கும். கிராஸ்ஓவரில் அதைத் தணிக்காவிட்டால் பெட்டி மெலிந்த குரலில் பேசும். வீட்டில் செய்யும் பெட்டிகளில் நான் அதிகம் கேட்ட குறை இதுதான். இதற்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை.

ஒட்டிய பெட்டியை உடனே போர்த்தாதீர்கள். இது நான் அடிபட்டுக் கற்றது. என் முதல் ஜோடிக்கு, பசை காய்ந்த மறுநாளே வெனீர் என்ற மரத்தோலை ஒட்டினேன். கண்ணாடி போல இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் பக்கவாட்டில், பலகை மூட்டு ஓடும் இடமெல்லாம் வெனீருக்கு அடியிலிருந்து ஒரு கோடு மேலெழுந்து வந்தது. எம்.டி.எஃப். பலகையின் முகம் இறுக்கமானது, அறுத்த ஓரம் கடற்பஞ்சு. ஓரம் பசையின் நீரைக் குடித்து உப்பியிருந்த நேரத்தில் நான் தேய்த்துச் சமன் செய்திருக்கிறேன். பிறகு அது உலர்ந்து சுருங்கியது, ஈரக் காற்றில் மறுபடி உப்பியது. இப்போது பெட்டியை மூன்று நான்கு வாரம் சும்மா நிற்க விடுகிறேன். பிறகு மூட்டுகளைத் தேய்த்து, ஓரங்களுக்கு நீர்த்த பசை பூசி அடைத்து, மறுபடி தேய்த்த பின்தான் போர்த்துவது.

வெனீர் என்பது 0.5, 0.6 மி.மீ. தடிப்பில் சீவிய மரம். அது ஒலியை மாற்றுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 18 மி.மீ. எம்.டி.எஃப். சதுரமீட்டருக்கு 13 கிலோ, வெனீர் அரைக் கிலோவுக்கும் குறைவு, அதாவது 3 விழுக்காடு. ரேகையின் நெடுக்கில் பலகைக்குக் கொஞ்சம் விறைப்பு கூட்டும் என்பது உண்மை. ஆனால் அழகுக்காக ரேகையை மேலும் கீழுமாகத்தான் ஓட்டுகிறோம், பலகை வளைவதோ குறுக்கில். ஆகவே தேக்கு வெனீரா ஞாத்தோ வெனீரா என்பதில் காதுக்கு ஒன்றும் இல்லை. பிடித்ததை எடுங்கள்.

வீட்டில் ஒட்ட எளிய வழி வெள்ளைப் பசையும் இஸ்திரிப் பெட்டியும். பலகையிலும் வெனீரின் அடிப்பக்கத்திலும் மெல்லிய பூச்சாகப் பசை தடவி, இரண்டையும் காய விடுங்கள். பசை பூசிய பக்கம் நனைந்து விரிவதால் வெனீர் சுருண்டுகொள்ளும். மறுபக்கம் லேசாக நீர் தெளித்தால் படுத்துவிடும். பால்வெள்ளை போய்ப் பசை தெளிவான பிறகு, வெனீரைப் பெட்டிமேல் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக இஸ்திரி போடுங்கள். இந்தப் பசை சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் வகை. ஆறும்வரை மரக்கட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். விரலால் தட்டிப் பார்த்தால், பிடிக்காத இடம் வெற்று ஓசையில் காட்டிக்கொடுக்கும். அங்கே மறுபடி சூடு வைத்தால் போதும், பிரித்தெடுக்க வேண்டாம்.

இன்னொன்று, வெனீர் ரேகையின் குறுக்கே எளிதாக வளையும், ஓலையைச் சுருட்டுவது போல. முகப்பின் நிமிர்ந்த இரு விளிம்புகளையும் 2 செ.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட்டு, ஒரே தாளை இடப்பக்கத்தில் தொடங்கி முகப்பைச் சுற்றி வலப்பக்கம் வரை கொண்டுபோகலாம். ரேகை உடையாது, பெட்டி ஒரே மரத்தில் குடைந்தது போல் இருக்கும். இது வெறும் அழகு அல்ல. ஹாரி ஓல்சன் 1951இல் பல வடிவப் பெட்டிகளை ஒப்பிட்டுக் காட்டினார். கூர்மையான விளிம்பில் ஒலி மோதிச் சிதறும், உருண்டை வடிவம் மிகச் சீராக ஒலித்தது, கனசதுரம் அப்படி ஒலிக்கவில்லை. கண்ணும் காதும் ஒரே பதிலைச் சொல்லும் இடம் இந்த வேலையில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உப்புத்தாள் தேய்க்கும்போது பால்மரம் வெட்டியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும், கத்தி ஒரு மயிரிழை ஆழம் போனால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டு முடிச்சாகிவிடும். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்குச் சில நூறு மரங்களை அப்படி வெட்டிய கைகள் நம்முடையவை. வெனீரில் நமக்கிருப்பது அரை மில்லிமீட்டர். இயந்திரம் வேண்டாம், கட்டையில் சுற்றிய 180ஆம் எண் தாளால் ரேகை போகும் திசையில் சில இழுப்பு, பிறகு 240. ஓரங்களில் கை தானாக அழுத்தும், அங்கேதான் பழுப்புப் பலகை தெரிந்துவிடும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். எம்.டி.எஃப். தூசு மிக நுண்ணியது, அதன் பிசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது.

பூச்சுக்கு வானத்தைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அரக்கு. இந்தியக் காடுகளில் ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரப்பது, சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் பூசுவது. நெகிரி செம்பிலானில் பிற்பகல் இடியோடு மழை இறங்கும் நாட்களில் அதைப் பூசினால் பால் கொட்டியது போல் வெளுத்துவிடும். சாராயம் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது, ஈரக் காற்றிலுள்ள நீர் அங்கே பனியாகப் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. காலை வெயில் ஏறி, காற்றின் ஈரம் குறைந்த பிறகு பூசுங்கள், மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பூச்சு இன்னும் எளிது, மரத்தின் ஆழமும் அதில்தான் தெரியும். தேய்த்த மரம் வெளிறித் தெரிவதற்குக் காரணம், அதன் நுண்குழிகளில் காற்று நின்று ஒளியைத் திசைக்கொன்றாகச் சிதறடிப்பது. எண்ணெய் ஒளியை வளைக்கும் அளவு மர நாரின் அளவுக்கு நெருங்கியது. குழிகளை அது நிரப்பியதும் சிதறல் குறைந்து, ஒளி உள்ளே இறங்கி மரத்தின் நிறத்தோடு திரும்புகிறது. நனைந்த துணி கருத்துத் தெரிவதும் இதனால்தான். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரத்தில் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி, இப்படி மூன்று நான்கு தடவை. நாலாவது தடவையில் பெட்டியைச் சன்னல் பக்கம் திருப்பினால் ரேகை அசைவது போலிருக்கும்.

ஒரு வேண்டுகோள். ஆளிவிதை எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, அப்போது வெப்பம் வெளிவருகிறது. பலகைமேல் அந்தச் சூடு கலைந்துவிடும். கசக்கிக் குப்பைக் கூடையில் எறிந்த எண்ணெய்த் துணிக்குள் கலைய வழியின்றிச் சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணிகளைத் தண்ணீர் வாளியில் மூழ்க வையுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். பெட்டி எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், இதைச் செய்துவிட்டுப் படுக்கப் போங்கள்.